சுருட்டு ஊர்க்காரன் பார்த்த இன்டோர் ஸ்டேடியம்!

திருச்சிக்கும் அமெரிக்காவில் இருக்கிற டர்ஹாமுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், 'புகை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்!

ஒரு காலத்தில் உறையூர் சுருட்டு லண்டன் வரை போய் மணத்தது. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் அறிமுகமான முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, 'கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு' என்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெரிசு ஒருவர் இருந்திருந்தால், 'சாம்பலைக் கீழே தட்டினவன் எவன்டா?' என்று முதலில் ஒரு சத்தம் போட்டிருப்பார்.

வட கரோலினா மாநிலத்து டர்ஹாமும் அதே ஜாதகம்தான். காளை மாட்டுப் படம் போட்ட புகையிலைப் பை விற்றே பெரிசான ஊர். இன்றைக்கும் செல்லப் பெயர் 'காளை நகரம்'. புகையிலைக் கிடங்குகளெல்லாம் இப்போது ஆபீஸாகவும் அபார்ட்மென்ட்டாகவும் ஆகிவிட்டன. செங்கல் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் பச்சைமலை அடிவாரத்துத் துறையூர்க்காரன். பி.காம். பட்டதாரி. அங்கே இங்கே எழுதிப் பிழைக்கிறவன். டர்ஹாமில் வேலை பார்க்கும் துறையூர் சிநேகிதன் ஒருவன், "மாப்ளே, ஒரு வாரம் வந்துட்டுப் போடா" என்று கூப்பிட்டான். போனேன். கடல் உண்டா? இல்லை. அருவி? பக்கத்தில் இல்லை. சரி, மலையாவது? அதுவும் தூரம். "அப்ப இங்க என்னதான்டா இருக்கு?" என்றேன்.

"ஒரு இன்டோர் ஸ்டேடியம் இருக்கு" என்றான்.

பச்சைமலையில் மங்களம் அருவியைப் பார்த்து வளர்ந்தவனை, இருபது மணி நேரம் விமானத்தில் மடக்கி உட்கார வைத்துக் கூட்டிப் போய், ஒரு கூரை போட்ட மைதானத்தைக் காட்டுகிறேன் என்றால் எப்படி இருக்கும்? கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது. அந்தக் கூரைக்குக் கீழே ஒரு பெரிய கதை இருக்கிறது.

மழை பெய்தால் ஆட்டம் குளோஸ்

நம்ம பக்கத்தில் ஆட்டம் என்றால் மண் தரைதான். சடுகுடு, கிளித்தட்டு, வாலிபால் எல்லாமே வானத்தை நம்பித்தான். பச்சைமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் வலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு ஒதுங்கிவிட வேண்டியது. அமெரிக்காவின் வடக்குப் பக்கத்தில் பிரச்னை மழை இல்லை, பனி. நாலைந்து மாசம் வெளியே விளையாடவே முடியாது.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு மேலதிகாரியிடமிருந்து உத்தரவு வந்தது: 'பையன்கள் உள்ளேயே அடைந்து கிடந்து ரகளை பண்ணுகிறார்கள். உள்ளுக்குள் ஆட ஒரு ஆட்டம் கண்டுபிடி. டயம் இரண்டு வாரம்!' மேலதிகாரிகள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

நெய்ஸ்மித் பீச் பழக் கூடைகள் இரண்டை எடுத்து, மாடிக் கைப்பிடியில் ஆளுக்கொரு பக்கமாக அடித்து மாட்டினார். கைப்பிடி பத்து அடி உயரத்தில் இருந்தது. அதனால் இன்று வரை உலகம் முழுக்கக் கூடை பத்து அடி உயரம்தான்! கூடைக்கு அடிப்பக்கம் உண்டு. ஒவ்வொரு தடவை பந்து விழுந்ததும் யாராவது ஏறி எடுக்க வேண்டும். நல்ல வேளை, முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு தடவைதான் விழுந்தது.

கூடைப்பந்து கூரைக்குக் கீழே பிறந்த ஆட்டம் என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இதை முதன்முதலாகப் பதக்க ஆட்டமாகச் சேர்த்தார்கள். ஜெர்மன்காரர்கள் திறந்தவெளி டென்னிஸ் மைதானத்தில் ஃபைனலை வைத்தார்கள். பிடித்தது மழை! சேற்றில் பந்தைத் தட்டினால் எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. கூடைப்பந்தில் இவ்வளவுதான் ஸ்கோர்! கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே நேரில் வந்து அந்தக் கண்றாவியைப் பார்த்தார்.

இதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தவர். நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. நம்ம ஸ்கூல் பி.டி. மாஸ்டர் விசிலுக்கும் அந்தப் பழக்கூடைக்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு!

தீப்பெட்டி அட்டையில் பிளான்

இனி டர்ஹாம். புகையிலையிலும் பிறகு மின்சாரத்திலும் கோடி கோடியாகச் சம்பாதித்த ஜேம்ஸ் ட்யூக் என்ற முதலாளி, 1924-ல் நாலு கோடி டாலரை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். அதில் பெரும் பங்கு அந்த ஊரில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனது. கல்லூரி 'ட்யூக் பல்கலைக்கழகம்' ஆயிற்று. காட்டை வெட்டி ஒரு புது வளாகமே எழுப்பினார்கள்.

பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எடி கேமரன். 1935-ல் ஒரு நாள் அவரும் ஃபுட்பால் பயிற்சியாளர் வாலஸ் வேடும் பேசிக்கொண்டிருக்கும்போது, தீப்பெட்டி அட்டையின் பின்னால் ஸ்டேடியத்துக்குப் பிளான் கிறுக்கினார்கள் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. அந்த அட்டையை யாரும் பார்த்ததில்லை! ஆனால் புகையிலை ஊரில் இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா? தீப்பெட்டிக்குப் பஞ்சமா என்ன!

எட்டாயிரம் பேர் உட்காரும்படி வேண்டும் என்றது பல்கலைக்கழகம். கட்டடத்தை வரைந்த ஃபிலடெல்ஃபியா கம்பெனி, 'இது கொஞ்சம் தாராளமாகத் தெரிகிறதே! யேல் பல்கலைக்கழகத்திலேயே 1,600 பேருக்குத்தானே இடம்?' என்கிற தோரணையில் கடுதாசி எழுதியது. நாம் கேட்கும் பட்ஜெட்டுக்கு அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து வரும் பதில் மாதிரியே இல்லை? ட்யூக் விடவில்லை.

ஆன செலவு நாலு லட்சம் டாலர். கடனை அடைக்கக் கை கொடுத்தது, ஃபுட்பால் அணி பெரிய போட்டிகளில் ஆடிக் கொண்டுவந்த வசூல். அண்ணன் சம்பாத்தியத்தில் தம்பிக்கு வீடு!

1940 ஜனவரி 6-ம் தேதி திறப்பு விழா ஆட்டம். ட்யூக் 36, பிரின்ஸ்டன் 27. எட்டாயிரம் பேர் வந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்குத் தெற்கே இத்தனை பெரிய உள் அரங்கம் அன்றைக்கு வேறு எங்கேயும் கிடையாது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் அதைக் கேள்விப்படக் கொடுத்துவைக்கவில்லை. ஐந்தாறு வாரங்களுக்கு முன்புதான், 1939 நவம்பர் கடைசியில், காலமாகியிருந்தார்.

தரை டிக்கெட்டுக்கு மரியாதை

நான் போனது ஆட்டம் இல்லாத ஒரு குளிர்கால நாள். வெளியே இருந்து பார்த்தால் ஸ்டேடியம் என்றே தெரியாது. பக்கத்து ஊர்க் குவாரியிலிருந்து வெட்டிய கல். சாம்பல், நீலம், பழுப்பு என்று ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு நிறம். மாதா கோயில் மடத்துச் சுவர் மாதிரி கம்பீரமாக நிற்கிறது. உள்ளே போனால் பளபளக்கும் மரத்தரை, பித்தளைக் கைப்பிடி, கூரையில் தொங்கும் வெற்றிக் கொடிகள்.

"இவ்வளவுதானா?" என்றேன். சின்னதாக இருந்தது!

இன்றைக்கு இருக்கைகள் 9,314. சில மைல் தள்ளி பரம எதிரியான வட கரோலினா பல்கலைக்கழகம் 1986-ல் திறந்த அரங்கத்தில் 21,000 பேருக்கு மேல் உட்காரலாம். ட்யூக் நினைத்தால் அதைவிடப் பெரிசாகக் கட்ட முடியாதா? முடியும். கட்ட மாட்டேன் என்கிறார்கள். பி.காம். முதல் வருஷம் படித்தது ஞாபகம் வந்தது: சப்ளை குறைச்சல், டிமாண்ட் ஜாஸ்தி! 1990-லிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் ஹவுஸ்ஃபுல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உட்கார வைக்கிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் கணக்கு! காசு நிறையக் கொடுத்த பெரிய மனுஷர்களுக்கு மேலே பால்கனியில் மெத்தை நாற்காலி. கோட்டை ஒட்டி, ஆட்டக்காரன் வியர்வை மேலே தெறிக்கிற தூரத்தில், படிக்கிற பையன்கள். அவர்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. நாற்காலியும் கிடையாது, பலகைதான். ஆனால் உட்கார்ந்தால்தானே? ஆட்டம் முடிகிற வரை நின்றுகொண்டு, குதித்துக்கொண்டு, முகத்தில் நீலச்சாயம் பூசிக்கொண்டு கத்துவார்கள். எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போடும்போது கையை ஆட்டி, முகத்தைக் கோணி, அவன் கவனத்தைக் கலைப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு 'கேமரன் கிறுக்கர்கள்' என்றே பெயர்!

2002 வரை உள்ளே ஏ.சி. கிடையாது. எட்டாயிரம் ஒன்பதாயிரம் பேர் மூச்சு விட்ட வெக்கையில் எதிரணிக்காரன் பாதி ஆட்டத்திலேயே வெந்து போவானாம். "நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மே மாசம் நின்னவன் இதுக்கெல்லாம் அசருவானா?" என்றான் சிநேகிதன். ஊர்ப் பெருமை எங்கே போனாலும் விடாது.

வட கரோலினாவுடன் ஆட்டம் என்றால் பையன்கள் ஸ்டேடியத்து வாசல் புல்வெளியில் கூடாரம் அடித்துவிடுவார்கள். கொட்டுகிற குளிரில், வாரக்கணக்கில்! ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை சேரலாம். முறை வைத்துக் காவல் காக்க வேண்டும். நடுராத்திரியில் திடீரென்று வந்து ஆளிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் சீட்டு கிழிந்தது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் க்யூவில் விடிய விடிய நின்றவர்களுக்கும், ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ பார்த்தவர்களுக்கும் இந்தப் பையன்களின் மனசு நன்றாகப் புரியும். இந்தக் கூடார வழக்கம் ஆரம்பித்தது 1986-ல். இந்த வருஷத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஸ்டேடியத்துக்கு 1972 ஜனவரி 22-ம் தேதி எடி கேமரன் பெயரை வைத்தார்கள். அன்றைக்கு ஆட்டம் வட கரோலினாவோடு. ட்யூக் 76-74 என்று மயிரிழையில் ஜெயித்தது. 2000-ல் ஆட்டத் தரைக்குப் பயிற்சியாளர் ஷஷெஃப்ஸ்கியின் பெயர். வாயில் நுழையாத பேர் என்பதால் ஊரே அவரைக் 'கோச் கே' என்கிறது. 1980 முதல் 2022 வரை நாற்பத்திரண்டு சீசன், ஐந்து தேசிய சாம்பியன் பட்டம். 2022 மார்ச் 5-ம் தேதி அந்தத் தரையில் அவருடைய கடைசி ஆட்டம். பழைய ஆட்டக்காரர்களெல்லாம் வழியனுப்பத் திரண்டு வந்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் வட கரோலினா 94-81 என்று வெளுத்துவிட்டுப் போய்விட்டது! விளையாட்டுக்கு யார் பிரியாவிடை என்றெல்லாம் தெரியாது.

ஆக, கட்டடத்துக்கு ஒரு கோச் பேர், தரைக்கு ஒரு கோச் பேர். சரி சார், இதை வரைந்தவன் பேர் என்ன?

கோடு ஒருத்தர், கையெழுத்து ஒருத்தர்

ஃபிலடெல்ஃபியா கம்பெனி என்று சொன்னேனே, அதன் முதலாளி ஹொரேஸ் டிரம்பாவர். லெட்டர்ஹெட்டில் அவர் பேர். ரசீதில் அவர் பேர். வளாகத்தைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்ததும் அவர் பேரைத்தான்.

டிராயிங் போர்டில் குனிந்து வரைந்த தலைமை டிசைனர் ஜூலியன் அபெல். 1881-ல் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1902-ல் வெளியே வந்தார். அந்தத் துறையில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1906-ல் டிரம்பாவரிடம் வேலைக்குச் சேர்ந்து, மூன்றே வருஷத்தில் தலைமை டிசைனர் ஆனார். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது பெரிய விஷயம். டிரம்பாவருக்கு அந்தப் பெருமை கட்டாயம் உண்டு.

ட்யூக் வளாகத்தின் பெரும்பாலான கட்டடங்கள் அபெல் வரைந்தவை. 210 அடி உயரத்தில் வானத்தைக் குத்தி நிற்கும் மாதா கோயில் கோபுரம் உள்பட. (நம்ம ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இருபத்தாறு அடி ஜாஸ்தி. சிநேகிதனிடம் இதைச் சொல்லிக்காட்டாமல் விடவில்லை!) நாம் பேசிக்கொண்டிருக்கிற ஸ்டேடியமும் அவர் வரைந்ததுதான்.

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ராத்திரி கண் விழித்து நோட் போட்டவன் ஒருத்தன். கடைசியில் கையெழுத்து ஒருத்தருடையது. மீட்டிங்கில் கைத்தட்டல் இன்னொருத்தருக்கு. 'கோடுகள் எல்லாம் டிரம்பாவருடையவை, நிழல்கள் மட்டும் என்னுடையவை' என்று அபெல் ஒரு தடவை சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. டிரம்பாவர் 1938-ல் காலமானார். அதற்கப்புறமும் கம்பெனி அவர் பேரில்தான் நடந்தது.

ஆனால் அபெலின் கஷ்டம் வெறும் ஆபீஸ் கஷ்டம் இல்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அன்றைக்கு நிறபேதம் சட்டமாகவே இருந்தது. வாஷிங்டனைத் தாண்டித் தெற்கே போகும் ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி. பஸ்ஸில் பின் சீட்டு. தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய். ட்யூக்கில் கறுப்பின மாணவரைச் சேர்ப்பதில்லை. மேல்படிப்புக்கு அந்தக் கதவு திறந்தது 1961-ல், பட்டப்படிப்புக்கு 1963-ல். வளாகத்தை வரைந்தவரின் சொந்தப் பிள்ளையே அங்கே படிக்க அப்ளிகேஷன் போட்டிருக்க முடியாது!

அபெல் தான் வரைந்த வளாகத்தைக் கண்ணால் பார்த்தாரா? அதிலேயே இரண்டு கட்சி. 'இந்த நிறபேதத்துக்காகவே அவர் டர்ஹாம் பக்கம் கால் வைக்கவில்லை' என்கிறது ஒரு கட்சி. 'வந்தார், ஊரில் ஒரு ஹோட்டலில், கூட வந்த வெள்ளைக்கார சகாவுக்கு ரூம் கொடுத்துவிட்டு, இவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்கிறது இன்னொரு கட்சி. எந்தக் கட்சி சரியாக இருந்தாலும் அவமானம் ஒன்றுதான்.

'அமெரிக்காக்காரன் இப்படியா?' என்று நாம் ரொம்ப ஆச்சரியப்பட வேண்டாம். இந்த ஸ்டேடியத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே 1939-ல், ஜூலை 8-ம் தேதிதான், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு போனார். அதுவரை? கோயிலுக்குக் கல் சுமக்கலாம். கும்பிட உள்ளே வரக்கூடாது!

பூட்டிய கதவுக்குள் ஒரு ஆட்டம்

இந்தக் கதையில் ட்யூக் ஸ்டேடியத்தில் நடக்க முடியாமல் போன ஒரு ஆட்டமும் உண்டு. நடந்தது அதே டர்ஹாம் ஊரில், வேறொரு உள் அரங்கத்தில்.

ஊரின் இன்னொரு பக்கத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனிக் கல்லூரி இருந்தது. இன்றைக்கு அது வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் ஜான் மெக்லென்டன். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சாட்சாத் நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரின் மாணவன். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் கன்சாஸ் அணியில் ஆட இடமில்லை. மனுஷர் சோர்ந்து போகவில்லை. மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே, எதிரிக்கு மூச்சு விட நேரம் கொடுக்காமல் ஆடுகிற வேக ஆட்டத்தைத் தன் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

யுத்த காலம். ட்யூக் மருத்துவக் கல்லூரியில் ராணுவத்துக்காகப் படித்த பையன்களிடமும் ஒரு பலமான அணி இருந்தது. இது பல்கலைக்கழகத்தின் பிரதான அணி இல்லை, தனி. 'ஊரிலேயே யார் அணி பெஸ்ட்' என்று இரண்டு பக்கமும் பேச்சு வளர்ந்தது. மோதிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். மோதுவது லேசா? வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கோட்டில் இறங்கினால் போலீஸ் வரும். போலீஸ் வந்தாலாவது பரவாயில்லை, கும்பல் வந்தால்?

நாள் குறித்தார்கள்: 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே சர்ச்சில் இருக்கும் நேரம். மருத்துவ மாணவர்கள் காரில் சுற்றுவழியில் வந்து, முகம் தெரியாமல் உள்ளே நுழைந்தார்கள். அரங்கத்தின் கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் கிடையாது. விஷயம் தெரிந்த பத்திரிகைக்காரரும் ஒரு வரி எழுதவில்லை.

முதலில் இரண்டு பக்கமும் கை நடுங்கியதாம். கொஞ்ச நேரத்தில் மெக்லென்டன் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். முடிவு 88-44. சரியாக இரண்டு மடங்கு! அதோடு விட்டார்களா? இரண்டு அணியையும் கலைத்து, கலந்து பிரித்துக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். வெள்ளையனும் கறுப்பனும் ஒரே அணியில்! அந்த ஊர் 1944-ல் கண்ணால் பார்க்காத காட்சி. நிஜமாகவே ஊர் பார்க்கவில்லை.

பயம் வீண் பயமா? அதே 1944 ஜூலையில், டர்ஹாம் பஸ்ஸில் பின்னால் போகச் சொல்லித் தகராறு செய்த டிரைவர் ஒருவர், ராணுவ உடையில் இருந்த கறுப்பினச் சிப்பாய் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். கோர்ட் அந்த டிரைவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. அந்த ஊரில்தான் இந்தப் பையன்கள் பந்து ஆடினார்கள்.

இந்த ஆட்டத்தின் கதை வெளியுலகத்துக்குத் தெரிய 1996 ஆயிற்று. ஐம்பத்திரண்டு வருஷம்! ஆடியவர்கள் அதற்குள் தாத்தாக்கள். ட்யூக் ஸ்டேடியத்திலோ, ட்யூக் அணிக்காக ஒரு கறுப்பின வீரர் ஆட, 1965-ல் படிக்கச் சேர்ந்த க்ளேய்போர்ன் வர வேண்டியிருந்தது. அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1950-ல், அபெல் காலமாகிவிட்டார்.

1986-ல் முளைத்த இரண்டு குடிசைகள்

1986 என்று சொன்னேன் அல்லவா? அந்த வருஷம் ட்யூக் வளாகத்தில் இரண்டு விதமான குடிசைகள் முளைத்தன. ஒன்று, ஸ்டேடிய வாசலில் ஆட்டம் பார்க்கப் போட்ட கூடாரம். இன்னொன்று, தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்து மாதா கோயில் முன்னால் மாணவர்கள் கட்டிய தகரக் குடிசை.

'இத்தனை அழகான வளாகத்தை இப்படி அசிங்கப்படுத்தலாமா?' என்று ஒரு மாணவர் கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதினார். அதற்குப் பதில் எழுதினார் ஒரு மாணவி. அபெல் குடும்பத்தில் வந்தவர். இந்த வளாகத்தை வரைந்தவர் என் முன்னோர். அவரே சொந்த நாட்டில் நிறவெறியை அனுபவித்தவர். இந்தக் குடிசைகளைப் பார்த்து அவர் முகம் சுளித்திருக்க மாட்டார் என்பது கடிதத்தின் சாரம்.

பெரும்பாலான மாணவர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது! தினமும் நடக்கிற வாசல், படிக்கிற ஹால், தொண்டை கிழியக் கத்துகிற ஸ்டேடியம்... எல்லாம் உள்ளே வர முடியாத ஒருவர் போட்ட கோடு. அப்புறம் அபெலின் படம் வளாகத்தில் ஏறியது. 2016-ல், மாதா கோயில் முன்னால் விரிகிற பெரிய புல்வெளிச் சதுக்கத்துக்கு 'அபெல் சதுக்கம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்டேடியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சதுக்கம். போய் நின்றோம். நல்ல வெயில், ஆனால் குளிர். பையன்களும் பெண்களும் புத்தகமும் கையுமாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா நிறத்திலும் இருந்தார்கள். நம்ம நிறத்திலும் நிறையப் பேர். ஒரு கூட்டத்திலிருந்து 'மச்சி' என்று ஒரு குரல்கூடக் கேட்டது!

ஆள் செத்து அறுபத்தாறு வருஷம் கழித்து ஒரு புல்தரைக்குப் பேர் வைத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா என்று கேட்டால், தீராது. வட்டி போட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் பேரேட்டில் வரவே வைக்காமல் விட்ட ஒரு தொகையைத் தேடிப் பிடித்து எழுதி வைப்பதும் ஒரு வேலைதான். எழுதினால்தான் பாக்கி எவ்வளவு என்றாவது தெரியும்.

சிநேகிதன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாப்ளே, கல்லணையைக் கட்டினது யாருடா?"

"இது தெரியாதா? கரிகாலன்."

"அது சரி. ஓடுற காவிரித் தண்ணிக்குள்ள கல்லைப் போட்டா இப்படி நிக்கும்னு கணக்குப் போட்டவன் யாரு?"

"ஊருக்குப் போய் விசாரிச்சுச் சொல்றேன்டா" என்றேன்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள்!